யானைக்கும் வட்டைக்கும் நடுவில் நிற்கிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

காட்டு விலங்குகளைப் பாதுகாக்கிற வேலையில் களத்தில் நிற்கிறவர்களைப் பற்றி, அவர்களை எப்படிப் பதிவு செய்வது என்பது பற்றி, கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யானையைப் பற்றியவை. நம் பக்கத்து நிலைமை அப்படி. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழக மாணவன். மட்டக்களப்பின் படுவான்கரையில் யானைப் பிரச்சினையோடு போராடுகிற வனஜீவராசி உத்தியோகத்தர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். கமெரா இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. – வந்தாறுமூலை

தம்பி, ஆர்வத்தோடு கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆரம்பத்தில் போகும்போது கமெராவை எடுத்துப் போகாதீர்கள், ஒரு கொப்பியும் பேனையும் போதும். கமெரா கையில் இருந்தால் கண் யானையைத் தேடிக்கொண்டே இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டிய வேலையோ முக்கால்வாசி யானை கண்ணில் படாத நேரத்தில்தான் நடக்கிறது.

பெரும்போக அறுவடை நெருங்குகிற ஒரு காலத்தில் நான் ஒரு களக் குழுவோடு ஓர் இரவு இருந்தேன். பொழுதுபட்டவுடனேயே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. இருந்தது ஒரேயொரு கெப் வாகனம். முதல் அழைப்பு வந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வட்டைப் பாதையில், அதாவது வயல்வெளிப் பாதையில், சில்லு சேற்றில் புதைந்து, எல்லாரும் இறங்கித் தள்ளி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே வேளாண்மைக்காரர்கள் ஏற்கெனவே தகரம் தட்டி, யானை வெடி கொளுத்தி, தொண்டை அடைத்துப்போய் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் வந்தவர்களையே வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். குழுவில் மூத்தவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வரம்பில் ஏறி நின்று, டோர்ச்சை ஒரு பக்கமாக மட்டும் அடிக்கச் சொன்னார், யானை தப்பிப் போகக்கூடிய பக்கத்தை இருட்டாகவே விட்டார். எல்லாப் பக்கமும் வெளிச்சம் போட்டு மறித்தால் அது ஆட்கள் மேல்தான் திரும்பும் என்றார். யானை போனது. எங்கே? பக்கத்து வட்டைக்கு. கொஞ்ச நேரத்தில் அந்த வட்டையிலிருந்து அடுத்த போன். விடியும்வரை இதே கதைதான். விடிந்த பிறகு கெப்பின் முன்பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்து, எத்தனை மணிக்கு எங்கிருந்து அழைப்பு வந்தது, எத்தனை யானை, குட்டி இருந்ததா, எத்தனை வெடி முடிந்தது என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், கையில் சேறு காயாமல் கிடந்தது. உங்கள் படத்துக்கு நடு அந்தக் கொப்பிதான் என்று நினைக்கிறேன். யானையைப் படமெடுக்க எத்தனையோ பேர் வருகிறார்கள், இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். களத்துக்கு வருகிறவர் பல நேரம் சிங்களம் பேசுகிறவராக இருப்பார், அழைக்கிறவர் தமிழ் பேசுகிறவர். நடுச்சாமத்தில், பின்னால் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த வாய்க்காலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்று போனில் சொல்லிப் புரியவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு மொழியும் தெரிந்த யாரோ ஒரு கிராமத்துப் பையன் போனை வாங்கிப் பேசினால்தான் வண்டி சரியான பாதைக்கு வரும். அவனுக்கு இதற்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. அவனையும் படத்தில் சேருங்கள்.

அனுமதி விஷயம். அரச உத்தியோகத்தர்கள் தாங்களாகவே ஊடகத்தோடு பேச முடியாது, தாபன விதிக்கோவை அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. திணைக்களத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி கையில் வந்த பிறகே கமெராவைத் திறவுங்கள். உங்கள் படத்தால் ஒருவருக்கு விளக்கக் கடிதம் போகக்கூடாது. தேசியப் பூங்காவுக்குள் படமெடுக்கத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. வட்டையில் என்றால் காணிக்காரரிடம் கேளுங்கள்.

அப்புறம், எழுதும்போது கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். "ஆறு யானை வந்தது" என்று ஊரார் சொன்னால் அது கேட்டது. காலையில் போய் நீங்களே அடியைப் பார்த்தால் அது கண்டது. யானையின் முன்னங்கால் அடியின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வரும், களத்தில் பழகியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. ஈர மண்ணில் பதிந்த தெளிவான அடியாகப் பார்த்து அளக்க வேண்டும், சேற்றில் வழுக்கிய அடி பெரிதாகக் காட்டும். பகலில் தூரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தால் காது விளிம்பின் கிழிசல், வாலின் வளைவு, வால் நுனி மயிர், முதுகின் வடிவம் இவற்றை வரைந்து வையுங்கள். ஒரே யானைதான் திரும்பத் திரும்ப வருகிறதா, வேறு வேறா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: யானையைக் காக்கிறவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், நல்லது. வேளாண்மையைக் காக்க இரவிரவாகப் பரணில் கிடக்கிற எங்களைப் பற்றி யார் எழுதுவது? போன் எடுத்தால் வாகனம் வேறு இடத்தில் என்கிறார்கள். வேலி போட்டார்கள், அதுவும் விழுந்து கிடக்கிறது. – வெல்லாவெளி

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்களையும் நான் களப் பாதுகாவலர் என்றுதான் கணக்கில் எடுக்கிறேன், அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள் இருப்பதாகச் சொன்னார்கள். 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 பேர் அளவில் மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். 2023இல் நிலைமை இன்னும் மோசம், யானைகள் 450க்கு மேல், மனிதர்கள் 160க்கு மேல். செத்தவர்களில் பலர் உங்களைப் போல வட்டைக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தவர்கள்.

யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு சேர்ந்தவர்களும் நாடு முழுக்க ஆய்வு செய்து கண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இலங்கை நிலப்பரப்பில் சுமார் 60 வீதத்தில் யானை இருக்கிறது, அப்படி யானை இருக்கிற நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். காடு அங்கே, ஊர் இங்கே என்று கோடு கிழித்துப் பிரிக்கிற நிலை இல்லை என்பதுதான் இதன் பொருள். ஆனால் பல காலமாக மின்வேலி போட்டது பூங்காவின் நிருவாக எல்லையில். வேலிக்கு அந்தப் பக்கம் வனஜீவராசித் திணைக்களத்தின் காடு, இந்தப் பக்கம் வன இலாகாவின் காடு, இரண்டு பக்கமும் யானை. அந்த வேலியால் உங்கள் நெல்லுக்கு என்ன பயன்? துரத்திப் பிடித்துப் பூங்காவுக்குள் அடைக்கிற வேலையும் அப்படித்தான் முடிந்தது. குட்டியோடு இருக்கிற பெண் யானைகள் உள்ளே அகப்பட்டுத் தீனியில்லாமல் மெலிந்தன, பயிருக்கு வருகிற ஆண் யானைகள் திரும்பி வந்துவிட்டன, போதாக்குறைக்கு முன்பைவிட முரட்டுத்தனமாக.

2020இல் ஜனாதிபதி நியமித்த, அதே பெர்னாண்டோ தலைமை வகித்த குழு தயாரித்த தேசியத் திட்டம் வேறு வழி சொன்னது. வேலியை ஊரைச் சுற்றிப் போடு, விளைகிற காலத்தில் வட்டையைச் சுற்றிப் போடு, அறுவடை முடிந்ததும் வட்டை வேலியைக் கழற்றிவிடு, ஒட்டு வயலில் யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும், வேலியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அந்த ஊராருக்கு. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது கடினம். கம்பியில் புல் முட்டினால் மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும், மாரியில் ஒரு கிழமை வெட்டாமல் விட்டால் போதும். பற்றரி பழுதானால் யார் காசு போடுவது என்று சங்கத்தில் சண்டை வரும். கம்பியில் படாமல் கட்டையை மட்டும் சாய்த்துவிட்டு உள்ளே வர யானையும் பழகிவிடுகிறது. காலையில் கத்தியோடு வேலி வழியே நடந்து புல் வெட்டுகிற ஆள்தான், என் பார்வையில், இந்த மாவட்டத்தில் யானையையும் மனிதனையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுகிறவர். நீங்கள் அந்த ஆளாக இருந்தால் உங்கள் வேலையை நீங்களே எழுதுங்கள் ஐயா, யாரும் வந்து எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கமக்கார அமைப்பில் ஒரு கொப்பி போடுங்கள். யானை வந்த திகதி, நேரம், எந்தப் பக்கத்தால் வந்தது, வேலி வேலை செய்ததா, போன் எடுத்த நேரம், ஆட்கள் வந்து சேர்ந்த நேரம், சேதம் எத்தனை ஏக்கர். ஒரு போகம் முழுக்க எழுதிய கொப்பியைக் கொண்டுபோய் பிரதேச செயலகக் கூட்டத்தில் வைத்தால் பேச்சே மாறிவிடும், வெறும் வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

வாகன விஷயத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு எத்தனை வாகனம், எத்தனை ஆளணி, போன வருடம் எத்தனை அழைப்பு வந்தது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தால், உங்களிடம் "வாகனம் இல்லை" என்று சொன்ன உத்தியோகத்தர் உண்மையைத்தான் சொன்னார் என்றும் தெரியவரலாம். அப்படியானால் கோபத்தை அவர் மேல் காட்டாமல், வாகனம் ஒதுக்குகிற இடத்துக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதலாம்.

கேள்வி: அம்பாறைப் பக்கத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்ரிக் தின்னும் படங்கள் உலகம் முழுக்கப் போய்விட்டன. என் மாணவர்கள் தாங்களும் போய்ப் படமெடுக்க வேண்டும் என்கிறார்கள். கூட்டிப் போகலாமா ரீச்சராக நான்? – அக்கரைப்பற்று

வேண்டாம் ரீச்சர். குப்பைக்குப் பழகிய யானை ஆளுக்குப் பயப்படாது, பிள்ளைகளைக் கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்த முடியாது.

கதையை மறுபக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடம் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கியது, சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கே போனது, மின்வேலி போட்டிருந்தார்கள், 2014இல் மின்னல் தாக்கி வேலி பழுதானது, திருத்தவில்லை, யானைகள் உள்ளே வந்தன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. பிரேத பரிசோதனை செய்த மிருக வைத்தியர்கள் வயிற்றில் கண்டது பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய தாளும்தான். யானைக்குப் பிரேத பரிசோதனை என்றால் அது விழுந்த இடத்திலேயே, வெயிலில், நாற்றத்தில், மணிக்கணக்காகச் செய்கிற வேலை, முடிந்ததும் பெக்கோ வைத்துக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். உங்கள் பாடசாலையில் ஒரு கிழமைக்கு எவ்வளவு பொலித்தீன் சேர்கிறது, அதை எந்த வண்டி எடுக்கிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பிள்ளைகள் எழுதட்டும், வண்டிக்காரரையும் பேட்டி காணட்டும். அதற்கு யானைக்குக் கிட்டப் போகவே தேவையில்லை.

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், காட்டு மிருக வைத்தியராக வேண்டும் என்று ஒரே பிடி. இது பொம்பிளைப் பிள்ளைக்கு ஏற்ற வேலையா என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். – களுவாஞ்சிக்குடி

அம்மா, உண்மையையே சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

படிப்பைப் பற்றி முதலில். நம் நாட்டில் மிருக வைத்தியப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது, போட்டி கடுமை. அது கிடைக்காவிட்டால் விலங்கியல் படித்து ஆய்வுப் பக்கம் வரலாம், வந்தாறுமூலையிலேயே படிக்கலாம். வனஜீவராசித் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் கிரித்தலையில் இருக்கிறது.

இனி வேலை. பன்றிக்கு என்று பூசணிக்குள்ளோ வெள்ளரிக்குள்ளோ வெடிமருந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், ஹக்க பட்டாஸ் என்று சொல்வார்கள். அதை யானை கடித்தால் வாய்க்குள்ளேயே வெடிக்கும். அகப்படுவது பெரும்பாலும் இளம் யானைகள். நாக்கு கிழிந்து, தாடை எலும்பு நொறுங்கி, அது தண்ணீர்க் கரையைத் தேடிப் போய் நிற்கும். தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கும், வாய்க்குக் கொண்டுபோகும், வைக்க முடியாமல் கீழே போட்டுவிடும், திரும்பப் பிடுங்கும். எச்சிலும் சீழும் வடிந்துகொண்டே இருக்கும். சாவதற்கு நாட்கள் இல்லை, கிழமைகள் எடுக்கும். வைத்தியர் போய் மயக்க ஊசி போடலாமா என்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் நலிந்துபோன உடம்பு மயக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம், தண்ணீருக்குள் விழுந்தால் மூழ்கிவிடும். சேலைன் ஏற்றி, நோவுக்கும் கிருமிக்கும் மருந்து கொடுத்து, நாளைக்கும் வருகிறேன் என்று திரும்ப வேண்டும். தாடை போய்விட்டால் பிழைப்பது அரிது, அது அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே அடுத்த நாளும் போக வேண்டும். சுற்றிவர நிற்கிற சனம் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு "ஏன் காப்பாற்றவில்லை" என்று கேட்கும். இந்த வேலையில் மனம் தேய்கிற இடம் இதுதான், இதைப் பற்றி அவர்கள் வாய் திறந்து பேசுவது மிகவும் குறைவு.

உடம்புக்கு வருகிற ஆபத்து வேறு. வட்டையிலும் குளக்கரையிலும் எலிக்காய்ச்சல், காட்டில் உண்ணி, வரம்பில் கண்ணாடிப் புடையன். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கிற மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுப்பார்கள், வேளாண்மைக்காரருக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

பொம்பிளைப் பிள்ளை என்பது இதில் எங்கே தடையாகிறது? யானையை யாரும் கையால் தூக்குவதில்லை, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துதான் எதையும் செய்கிறார்கள். இரவு தங்க ஒழுங்கான இடம், மலசலகூடம், திரும்பி வர வாகனம், இவை இல்லாததுதான் தடை. அது உங்கள் மகளின் குறை இல்லை. அவளுக்குப் பொறுமையும், தோற்ற அடுத்த நாள் எழும்பிப் போகிற மனமும் இருந்தால் விடுங்கள் அம்மா, படிக்கட்டும். நம் பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு மிருக வைத்தியர் வட்டைக்கரையில் வந்து நின்றால் சனம் எவ்வளவு ஆறுதல்படும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி: லகுகல, குமண பக்கம் உல்லாசப் பயணிகளைக் கூட்டிப் போகிறேன். சிறுத்தை, யானை வீடியோ போட்டால் உடனே "எந்த இடம்" என்று கேட்கிறார்கள். சொல்லலாமா? ட்ரோன் விடலாமா? – பொத்துவில்

இடத்தைச் சொல்லாதீர்கள் தம்பி. சிறுத்தை, அழுங்கு, ஆமை முட்டையிட்ட கரை, பறவைக் கூடு, எதுவானாலும் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போனில் இடம் பதிவாகிற வசதியையும் அணைத்துவிட்டுப் படமெடுங்கள். கம்பிக் கண்ணி வைக்கிறவனும் கட்டுத்துவக்குக் கட்டுகிறவனும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறான். நீங்கள் கண்ணியையோ கட்டுத்துவக்கையோ கண்டால் தொடாமல், இடத்தைத் திணைக்களத்துக்கு மட்டும் அறிவியுங்கள். கட்டுத்துவக்கின் கயிற்றில் கால் பட்டு மனிதர்களும் செத்திருக்கிறார்கள், ரோந்து போகிற உத்தியோகத்தர் ஒவ்வொரு அடியையும் அந்தப் பயத்தோடுதான் வைக்கிறார்.

ட்ரோனுக்கு சிவில் விமான அதிகார சபையின் அனுமதியும், பூங்கா என்றால் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதி இருந்தாலும் கூடு கட்டுகிற காலத்தில் குமண வில்லு என்கிற சதுப்பு ஏரிக்கு மேலே விடாதீர்கள், பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்தின் வாயிலும்தான்.

கேள்வி: வருடாவருடம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்து போகிறோம். வழியில் நிற்கிற வனஜீவராசி ஆட்களைப் பற்றி நாங்களும் ஏதாவது எழுதி அனுப்பலாமா? – திருக்கோவில்

கட்டாயம் அனுப்புங்கள். நீங்கள் போகிற பாதை சாதாரணப் பாதை இல்லை. குமண தேசியப் பூங்கா யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது, அடுத்த வருடமே சுனாமி வந்து தாக்கியது, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எழும்பிய காடு. அந்தக் காட்டுக்குள் ஆயிரக்கணக்கான சனம் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்கித் தங்கி நடந்து போகிறது, சின்னப் பிள்ளைகள், வயது போனவர்கள், வெறுங்காலோடு. வாசலில் நிற்கிறவர் உள்ளே போகிற ஆட்களைப் பதிகிறார், வழியில் நிற்கிறவர் கூட்டத்திலிருந்து பின்தங்கிய ஒரு கிழவியைப் பொழுதுபடுவதற்குள் அடுத்த தங்குமிடத்தில் சேர்க்கப் பார்க்கிறார். பக்தர்கள் போன பிறகு போத்தலும் பொலித்தீனும் பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாத்திரை முடிந்துவிட்டதால் நீங்கள் காண்பதில்லை.

எழுதும்போது எந்தத் தங்குமிடத்தில் எந்த நாள் தண்ணீர் இருந்தது, எங்கே இல்லை, யானையோ கரடியோ கண்டால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், கூட்டம் என்ன செய்தது, எந்த இடத்தில் குப்பை அதிகம் கிடந்தது என்று திகதியோடு எழுதுங்கள். நிற்கிற உத்தியோகத்தரிடம் படமெடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எத்தனை நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகிற போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உங்கள் குழுவில் வயதானவர்கள் முன்பு, பூங்கா மூடப்படுவதற்கு முந்திய காலத்தில், இதே வழியால் நடந்திருந்தால் அவர்கள் சொல்வதையும் தனியாக எழுதி அனுப்புங்கள், அப்போது எந்த இடத்தில் என்ன மிருகம் கண்டார்கள், எந்தக் குளத்தில் தண்ணீர் கிடந்தது என்பதையெல்லாம். கொடியேற்றம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கிடைத்தால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.